பாத அணுக்களின் இழப்பும் பரம்பரைச் சிறுநீரக நோயும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

மனிதனின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. இதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது உடலுக்கே திருப்பித் தரப்படுகிறது. உடலிலுள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ 3 லிட்டர்தான். அதாவது, அதே நீர் ஒரே நாளில் 60 முறை இந்த வடிகட்டியைக் கடந்து திரும்புகிறது. இவ்வளவு பெரும் போக்குவரத்திலும் இரத்தத்தின் புரதம் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே நிறுத்தப்படுகிறது. எந்த நகரத்தின் குடிநீர் வாரியமும் இத்தகைய சிக்கனத்தைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது.

பெரும்பாலோருக்கு இந்த வடிகட்டி ஆயுட்காலம் முழுவதும் உழைக்கிறது. ஆனால் சில குடும்பங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாக, இளம் வயதிலேயே அது செயலிழந்து விடுகிறது. இருபது வயதில் படிப்பை முடித்து வேலைக்குச் செல்ல வேண்டிய இளைஞன் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்கிறான். இதற்குக் காரணம் நஞ்சோ தொற்றோ அன்று. பிறப்பிலேயே வந்த ஒரு மரபணுப் பிழை. ஆயினும் பிழை பிறப்பிலேயே இருக்க, செயலிழப்பு ஏன் இருபது ஆண்டுகள் காத்திருக்கிறது? கடந்த சில பத்தாண்டுகளின் ஆராய்ச்சி இவ்வினாவுக்குத் தந்துள்ள விடை, மருத்துவர்களுக்கு மட்டுமன்றிப் பொதுச் செலவினத்தைத் திட்டமிடுவோருக்கும் முக்கியமானது.

வடிகட்டியின் அமைப்பு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகச் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஒவ்வொரு வடிகட்டியும் மெல்லிய இரத்தக் குழாய்களால் ஆன ஒரு முடிச்சு. மருத்துவ நூல்கள் இதனைக் குளோமருலஸ் என்று குறிப்பிடுகின்றன. இம்முடிச்சின் சுவர் மூன்று அடுக்குகளைக் கொண்டது. உட்புறம் துளைகள் நிறைந்த குழாய்ச் சுவர். நடுவில் கொலாஜென் முதலிய புரதங்களால் நெய்யப்பட்ட அடித்தளச் சவ்வு. வெளிப்புறம் அச்சவ்வைக் கவ்வி நிற்கும் ஒருவகை உயிரணுக்கள். இவற்றுக்குப் போடோசைட் என்று பெயர். காலுடைய அணு என்பது பொருள். தமிழில் பாத அணு எனலாம். ஒவ்வொரு பாத அணுவும் கிளைவிட்டுப் பிரிந்து, நுண்ணிய விரல்களைப் போன்ற பாதங்களை ஊன்றி நிற்கிறது. அடுத்தடுத்த அணுக்களின் விரல்கள் ஒன்றினுள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. அவற்றுக்கிடையிலான இடுக்கில் ஒரு புரத வலை பூட்டப்பட்டிருக்கிறது. நீரை விட்டுப் புரதத்தை நிறுத்தும் இறுதிக் காவல் இதுவே.

வளர்ந்த ஒருவரின் ஒரு முடிச்சில் சுமார் 500 முதல் 600 பாத அணுக்கள் உள்ளன. இரு சிறுநீரகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 100 கோடியைத் தாண்டும். இது பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் இந்த அணுக்களுக்கு ஒரு குறை உண்டு. தோலின் அணுக்களும் குடலின் அணுக்களும் நாள்தோறும் உதிர்ந்து நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. பாத அணுக்களோ முதிர்ச்சியடைந்த பின் பொதுவாகப் பெருகுவதில்லை. ஒன்று கழன்று சிறுநீரோடு போய்விட்டால், அந்த இடத்தை நிரப்பப் போதுமான வேறு அணுக்கள் வருவதில்லை. பொருளாதார மொழியில் சொன்னால், தேய்மான நிதி ஒதுக்கப்படாத மூலதனம் இது. தொடக்க இருப்பு எவ்வளவோ, அதை வைத்தே காலம் தள்ளியாக வேண்டும்.

1927ஆம் ஆண்டின் ஒரு குடும்பம்

பரம்பரைச் சிறுநீரக நோய்கள் பல. அவற்றுள் இக்கருத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆல்போர்ட் நோய். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ஆர்தர் செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர், 1927இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அக்குடும்பத்தில் பலருக்குச் சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தது. பலர் செவிப்புலன் இழந்தனர். ஆண்கள் இளமையிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்தனர். பெண்களோ பெரும்பாலும் முதுமை வரை வாழ்ந்தனர். இக்குடும்பத்தை அவருக்கு முன்பும் மருத்துவர்கள் ஆராய்ந்திருந்தனர். செவிட்டுத் தன்மையையும் சிறுநீரக நோயையும் ஒரே நோயின் இரு முகங்களாகக் கண்டதும், ஆண் பெண் வேறுபாட்டைச் சுட்டியதும் ஆல்போர்ட்டின் சிறப்பு. குடும்ப வரலாற்றைப் பொறுமையுடன் கேட்டறிந்து இதைக் கண்டுகொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

காரணம் புலப்பட மேலும் 60 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அடித்தளச் சவ்வின் முதன்மைப் பொருள் நான்காம் வகைக் கொலாஜென். இது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. கருவிலுள்ள குழந்தையின் சவ்வில் ஒருவகைக் கயிறு இருக்கிறது. முடிச்சு முதிரும்போது அது விலகி, ஆல்ஃபா 3, ஆல்ஃபா 4, ஆல்ஃபா 5 என்னும் இழைகளால் ஆன, குறுக்குப் பிணைப்புகள் மிகுந்த வலிய கயிறு அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஐந்தாம் இழைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும், ஆல்போர்ட் குடும்பங்களில் அதில் பிழை காணப்படுவதும் 1990இல் வெளியாயின. மூன்றாம், நான்காம் இழைகளின் மரபணுக்கள் இரண்டாம் குரோமோசோமில் உள்ளன. இம்மூன்றில் எது பழுதானாலும் வலிய கயிறு உருவாவதில்லை. கருப்பருவத்துக் கயிறே வாழ்நாள் முழுவதும் பாரம் தாங்க வேண்டியதாகிறது. நாளடைவில் சவ்வு சில இடங்களில் மெலிந்தும், சில இடங்களில் கூடை முடைந்ததுபோல் பிளந்தும் போகிறது. காதின் உட்பகுதியிலும் கண்ணின் வில்லையிலும் இதே கயிறு இருப்பதால் அவையும் பாதிக்கப்படுகின்றன.

இதில் ஒரு விந்தை உண்டு. சிறுநீரக முடிச்சில் இந்த வலிய கொலாஜெனை உற்பத்தி செய்பவை பாத அணுக்களே. தாம் நிற்க வேண்டிய தளத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. ஆகவே ஆல்போர்ட் நோயில் பாத அணு தன் தளத்தைச் சரியாகப் போட இயலாமல், உறுதியற்ற அந்தத் தளத்தின்மீதே காலூன்றி நிற்கிறது. அதன்மீது இரத்த அழுத்தம் ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் மோதிக்கொண்டேயிருக்கிறது.

ஆள் குறைந்த தளம்

பாத அணுக்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். எலிகளுக்குத் தொண்டை அடைப்பான் நஞ்சு எளிதில் ஏறாது. அந்த நஞ்சை ஏற்கும் மனித வாங்கியைப் பாத அணுக்களில் மட்டும் புகுத்தி, நஞ்சின் அளவைக் கூட்டியும் குறைத்தும், வேண்டிய அளவு அணுக்களை மட்டும் அழித்தனர். 2005இல் வெளியான அதன் முடிவு மிகத் தெளிவானது. 20 சதவீதம் வரை இழந்த எலிகளுக்குப் பாதிப்பு மிதமானதாகவே இருந்தது. 20 முதல் 40 சதவீதம் வரை இழந்தவற்றின் முடிச்சுகளில் ஆங்காங்கே ஒட்டுகளும் தழும்புகளும் தோன்றின. 40 சதவீதத்துக்கு மேல் இழந்தவற்றில் முடிச்சு முழுவதும் தழும்பேறி, புரதம் தொடர்ந்து வெளியேறி, சிறுநீரகத்தின் திறனே குன்றியது. இந்த எலிகளிடம் மரபணுப் பிழையோ சவ்வின் பழுதோ இல்லை. அணுக்களின் எண்ணிக்கைக் குறைவு ஒன்றே தழும்பு உண்டாகப் போதுமானதாக இருந்தது.

தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள் இதன் உட்பொருளை எளிதில் உணர்வார்கள். ஒரு தளத்தில் பத்துப் பேர் செய்த வேலையை எட்டுப் பேர் சமாளிக்கலாம். ஆறு பேர் சமாளிப்பது கடினம். அந்த ஆறு பேரும் களைத்து விலகத் தொடங்கினால் தளம் வெறிச்சோடும். அதுபோல, ஒரு பாத அணு கழன்றதும் அண்டை அணுக்கள் பருத்து, பாதங்களை விரித்து, வெற்றிடத்தை மூடப் பார்க்கின்றன. விரிந்த அணுவின் பிடி தளர்கிறது; அதுவும் கழலும் வாய்ப்பு மிகுகிறது. மூடப்படாத சவ்வு சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ள, அங்கு தழும்பு தொடங்குகிறது. தழும்பேறிய முடிச்சின் பங்கு வேலை மற்ற முடிச்சுகளின் தலையில் விழுகிறது. அவற்றில் அழுத்தம் உயர்கிறது. அங்குள்ள பாத அணுக்களும் கழலத் தொடங்குகின்றன. முதற்காரணம் எதுவாயினும், ஒரு நிலைக்கு மேல் நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இருபது ஆண்டுக் காத்திருப்பின் புதிருக்கு விடை இதுவே. ஆல்போர்ட் நோயுள்ள சிறுவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, உதிரும் பாத அணுக்களின் தடயம் இயல்பைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சராசரியாகச் சுமார் 11 மடங்கு எனக் கணக்கிட்டது. இளம் வயதில் முடிச்சுகளில் இருப்பு ஓரளவு போதுமானதாகவே இருந்தது. வயது ஏற ஏறக் குறைந்தது. சேமிப்பிலிருந்து மாதாமாதம் எடுத்துச் செலவிடும் குடும்பத்தில் வெளியாருக்கு வறுமை தெரிவதில்லை. பணம் தீரும் தறுவாயில்தான் அது வெளிப்படுகிறது.

மற்றப் பரம்பரை நோய்களில் பிழை வேறிடத்தில் இருப்பினும் பாதை இதேதான். பின்லாந்தில் சுமார் 8,000 முதல் 10,000 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்பட்ட பிறவி நோயில் பழுது பாத அணுக்களுக்கிடையிலான வலையில் உள்ளது. அந்த வலையின் நெஃப்ரின் என்ற புரதம் 1998இல் கண்டறியப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க மரபினரிடையே மிகுதியாகக் காணப்படும் மற்றொரு மரபணு மாற்றம் தூக்க நோய்க் கிருமிக்கு எதிரான காப்பாகப் பரவியது. ஆனால் இரு பெற்றோரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் பாத அணுக்களுக்குக் கேடு விளைவிக்கும் என்பது 2010இல் தெரியவந்தது.

மாத்திரையின் கணக்கு

மரபணுப் பிழையைத் திருத்தும் மருத்துவம் ஆல்போர்ட் நோயாளிகளுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் பாத அணுக்கள் உதிரும் வேகத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. அது முடிச்சினுள் அழுத்தத்தைத் தணிப்பது. இதற்குதவும் மருந்துகளின் முன்னோடி, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. கேப்டோப்ரில் என்ற அம்மருந்து 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வழித்தோன்றல்களான எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை இன்று இந்தியாவில் காப்புரிமைக் கட்டுப்பாடின்றித் தயாராகி, நாளொன்றுக்குச் சில ரூபாய்ச் செலவில் கிடைக்கின்றன.

2012இல் ஐரோப்பிய நோயாளிப் பதிவேட்டிலிருந்து வெளியான விவரம் திட்ட அலுவலர்கள் மனத்தில் பதிய வைக்கத்தக்கது. இம்மருந்தே பெறாத ஆல்போர்ட் நோயாளிகள் டயாலிசிஸ் நிலையை அடைந்த இடைநிலை வயது 22. சிறுநீரகத் திறன் குன்றிய பின்னர் மருந்து தொடங்கியவர்களுக்கு 25. சிறுநீரில் புரதம் தோன்றிய கட்டத்திலேயே, திறன் குன்றுமுன் தொடங்கியவர்களுக்கு 40. மருந்து ஒன்றே, தொடங்கிய காலம்தான் வேறு. தாமதமாகக் கொடுத்தபோது 3 ஆண்டும், முன்னதாகக் கொடுத்தபோது 18 ஆண்டும் கிடைத்தன. பாத அணுக்களின் இருப்பைப் பற்றி மேலே கூறியவற்றை நோக்கினால் இதில் வியப்பில்லை.

இந்த ஒப்பீடு சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையன்று, பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. எனவே முழு வேறுபாட்டையும் மருந்தின் பெயரில் எழுதிவிடக் கூடாது என்று புள்ளியியல் அறிந்தோர் கூறுவர்; அது நியாயமே. ஆயினும் ஒரே குடும்பத்தில் தாமதமாக மருந்து பெற்ற மூத்தவரையும் முன்னதாகப் பெற்ற இளையவரையும் ஒப்பிட்டபோதும் முடிவு அதே திசையில் இருந்தது. ஜெர்மனியில் குழந்தைகளிடம் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட சோதனை சிறியது. அதனால் பயனை ஐயமற நிலைநாட்ட இயலவில்லை. ஆனால் மருந்து குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்பதை அது காட்டியது. மாறாக, பார்டாக்சலோன் என்ற புது மருந்து சிறுநீரகத் திறனின் எண்ணை உயர்த்திக் காட்டியும், நோயின் போக்கைத் தடுக்கிறது என்பது மெய்ப்பிக்கப்படாததால் 2022இல் அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டது. ஓர் ஆண்டின் உற்பத்தி எண் உயர்வதும் மூலதனம் காக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதைப் பொருளாதார மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

18 ஆண்டுகள் என்றால் என்ன? இந்தியாவில் பலர் வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் பெறுகின்றனர். ஆண்டுக்கு 104 அமர்வுகள். 18 ஆண்டுகளுக்கு 1,872 அமர்வுகள். ஒவ்வோர் அமர்வும் சுமார் 4 மணி நேரம். 2016–17 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழை மக்களுக்கு இச்சேவையை இலவசமாக்கியது. அது பெரும் உதவி, ஐயமில்லை. ஆனால் கிராமத்திலிருந்து வந்து போகும் பேருந்துக் கட்டணமும், நோயாளியும் துணைக்கு வருபவரும் இழக்கும் ஆண்டுக்கு 104 நாள் கூலியும் எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஏறுவதில்லை.

யாரைச் சோதிப்பது?

முன்கூட்டியே மருந்து தர வேண்டுமானால் முன்கூட்டியே நோயாளியைக் கண்டறிய வேண்டும். ஆல்போர்ட் நோயின் முதல் அடையாளம் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் வரும் இரத்தம், அடுத்தது புரதம். இரண்டையும் ஒரே சோதனைத் தாளால் காணலாம். 1827இல் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் புரதம் திரள்வதைக் கண்டார். இன்றைய தாள் அதைவிட எளிதானது.

ஜப்பானில் 1974 முதல் பள்ளி மாணவர் அனைவரின் சிறுநீரும் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகிறது. இந்தியாவும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். இதில் அவசரம் கூடாது. பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் ஒருமுறை இரத்தம் தெரிவதற்குத் தொற்று, கல், காய்ச்சல் எனக் காரணங்கள் பல. மறுசோதனைக்கு ஆளும் ஆய்வுக்கூடமும் இல்லாத இடத்தில் கோடிக்கணக்கான தாள்களை நனைப்பதால் பெற்றோரின் அச்சம் பெருகுமேயன்றி நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் குறைந்த செலவில் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் குழுக்கள் பள்ளிகளில் செவிக்குறையையும் கவனிக்கின்றன. ஆல்போர்ட் நோயின் செவிக்குறை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்குகிறது. பிறந்தபோது நன்கு கேட்ட சிறுவன் பின்னர் கேட்கும் திறன் குறைந்து காணப்பட்டால், அவன் சிறுநீரை ஒருமுறை சோதிப்பதற்குத் தனித் திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, நோய் தெரிந்த குடும்பத்திலேயே தேடுவது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகையில் நோயுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு நோய் செல்வதில்லை. மகள்கள் அனைவருக்கும் பிழை செல்கிறது. தாயிடம் பிழை இருந்தால் மகனாயினும் மகளாயினும் பாதிப் பேருக்கு வரக்கூடும். ஆகவே ஓர் இளைஞன் டயாலிசிஸுக்கு வந்தால், அவனுடைய உடன்பிறந்தோர், தாய், தாய்மாமன், சித்தி, பெரியம்மா பிள்ளைகள் ஆகியோரின் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். தென் மாநிலங்களில் தாய்மாமனுக்கு அக்காள் மகளை மணமுடிக்கும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நோயுள்ள மாமனும் பிழையைத் தாங்கிய மருமகளும் மணந்தால், பிறக்கும் பெண் குழந்தைக்கும் ஆணுக்குரிய கடுமையுடன் நோய் வரலாம். இரண்டாம் குரோமோசோம் வழி வரும் வகையிலும் இரத்த உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுகிறது. உறவினரைப் பழிப்பதற்காக அன்றி, சோதிக்க வேண்டியவர் யார் என்று அறிவதற்காகவே இது சொல்லப்படுகிறது.

தாய்மார்களின் நிலை

பெண்கள் நோயைக் கடத்துபவர்கள் மட்டுமே, அவர்களுக்குத் தீங்கில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது பிழையான கருத்து. ஆண்களில் 90 சதவீதத்தினர் 40 வயதுக்குள் சிறுநீரகச் செயலிழப்பை அடைகின்றனர் என்றால், எக்ஸ் வழிப் பிழையுள்ள பெண்களிலும் சுமார் 12 சதவீதத்தினர் அதே வயதுக்குள் அந்நிலையை அடைவதாக ஐரோப்பியக் குடும்பங்களின் ஆய்வு காட்டியது. வயது ஏற இவ்விகிதமும் ஏறுகிறது. அவர்களுடைய பாத அணுக்களில் ஒரு பகுதி வலிய தளத்திலும் மறு பகுதி வலுவற்ற தளத்திலும் நிற்பதால் தேய்மானம் மெதுவாக நடக்கிறது, நடக்காமல் இருப்பதில்லை. (ராமிப்ரில் போன்ற மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்பவை, குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் மருத்துவரிடம் முன்பே கூறி அவற்றை நிறுத்த வேண்டும்.)

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்ட காலந்தொட்டு, இந்நாட்டில் இச்சிகிச்சை உயிரோடிருக்கும் உறவினர் தரும் உறுப்பையே பெரிதும் நம்பியிருக்கிறது. தருவோரில் பெரும்பாலோர் பெண்கள். மகனுக்காக முதலில் முன்வருபவள் தாய். ஆல்போர்ட் குடும்பத்தில் அவளே பிழையைத் தாங்கியிருக்கக்கூடும். தன் பாத அணுக்களின் இருப்பிலிருந்து பாதியைக் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஒன்றின்மீது இரட்டைச் சுமையை ஏற்றுக்கொள்கிறாள். இரத்தப் பிரிவும் திசுவும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் குழு, அவளுடைய சிறுநீரில் இரத்தம் உள்ளதா, மரபணுவில் பிழை உள்ளதா என்பதையும் கட்டாயம் பார்த்தாக வேண்டும். பிழையுள்ள தாயை வேறு வழியே இல்லாதபோது மட்டும் கருத வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டு நெறிகளின் போக்கு. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் தருபவரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. தன் உடலின் நிலையை அறியாமல் தரும் சம்மதம் முழுமையானதாகாது.

மாவட்ட மருத்துவமனைகளின் டயாலிசிஸ் சேர்க்கைப் படிவத்தில் மூன்று வினாக்கள் இடம்பெற்றால் இவற்றில் பெரும்பகுதி கைகூடும்: குடும்பத்தில் வேறு யாருக்கேனும் சிறுநீரகம் கெட்டதா, யாருக்கேனும் இளமையில் காது கேளாமற்போனதா, தாய்வழி உறவினர் யார் யார். இதற்குப் புதிய பணியிடம் எதுவும் உருவாக்க வேண்டியதில்லை. முதல் அமர்வின் 4 மணி நேரத்தில் தொழில்நுட்பரே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உடன் வந்திருக்கும் தாயின் சிறுநீரையும் தம்பியின் சிறுநீரையும் அன்றைக்கே சோதித்துவிடலாம்.